லெஃபெவ்ர்: ஊருக்கு ஒரு கொல்லர், நாடெங்கும் ஒரு பெயர்

பிரான்சில் அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர்களை வரிசைப்படுத்தினால் முதல் இடத்தில் எப்போதும் மார்த்தேன் நிற்கும். நாம் மார்ட்டின் என்று சொல்கிற அதே பெயர்தான். அதற்குக் கீழே, முதல் இருபது பெயர்களுக்குள், பார்ப்பதற்கே சற்று விசித்திரமான ஒரு பெயர் இருக்கிறது: லெஃபெவ்ர். எழுதும்போது எட்டு எழுத்துகள்: எல், இ, எஃப், இ, பி, வி, ஆர், இ. இவற்றில் நடுவே உட்கார்ந்திருக்கும் 'பி'யை யாரும் உச்சரிப்பதில்லை. அது ஏன் அங்கே வந்தது என்பது இந்தப் பெயரின் வரலாற்றிலேயே சுவையான பகுதி. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெயரின் பொருள் எளிமையானது. 'லெ' என்பது ஆங்கிலத்து 'தி' போன்ற ஒரு முன்னொட்டு. 'ஃபெவ்ர்' என்றால் பழைய பிரெஞ்சில் கொல்லர், இரும்பை அடித்துப் பொருள் செய்பவர். ஆக, லெஃபெவ்ர் என்பது வெறும் 'கொல்லர்'. முன்னால் 'லெ' இருப்பதைப் பார்த்துச் சிலர் இதைப் பிரபுக் குடும்பத்துப் பெயர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது; உலைக்களத்தில் வியர்வை சிந்தியவரின் பெயர்தான் இது. பிரபுக்கள் பெயருடன் சேர்த்துக்கொண்டது 'தெ' என்ற வேறொரு சொல். அதுவும்கூட எல்லா நேரத்திலும் பிரபுத்துவத்துக்குச் சான்று ஆகாது.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உண்டு. ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள் எல்லாரும் எங்கோ ஒரு மூதாதையிடம் போய்ச் சேர்வார்கள் என்பது அது. சில பெயர்களுக்கு அது உண்மை. லெஃபெவ்ருக்கு நிச்சயமாக இல்லை. இந்தப் பெயர் ஆயிரக்கணக்கான ஊர்களில் தனித்தனியாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் பிறந்தது. அதைப் புரிந்துகொள்ளக் குடும்பப் பெயர் என்ற ஏற்பாடே எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

பெயருக்குப் பின்னால் ஒரு பெயர்

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பிரான்சில் ஒருவருக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: ஞானஸ்நானத்தின்போது வைக்கப்பட்ட பெயர். ஊரில் ஆட்கள் குறைவாக இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. 11ஆம் நூற்றாண்டு தொடங்கி மக்கள்தொகை பெருகியது, நகரங்கள் வளர்ந்தன. அதே நேரத்தில் புனிதர்களின் பெயர்களைக் குழந்தைகளுக்கு வைக்கும் வழக்கம் வலுத்ததால், புழக்கத்தில் இருந்த பெயர்களின் எண்ணிக்கை சுருங்கியது. ஒரே தெருவில் நான்கு ழான், மூன்று பியேர், இரண்டு கியோம் என்று ஆகிவிட்டால் வரி வாங்குபவர் என்ன செய்வார்? நிலப் பத்திரம் எழுதுபவர் என்ன செய்வார்? ஊரார் ஏற்கெனவே வாய்வழியாகச் செய்துகொண்டிருந்ததையே அவர்களும் செய்தார்கள். பெயருடன் ஓர் அடையாளத்தையும் சேர்த்து எழுதினார்கள்.

அந்த அடையாளம் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றில் வந்தது. தந்தையின் பெயரே ஒட்டிக்கொண்டது. மார்த்தேன், பெர்னார், தொமா எல்லாம் அப்படி வந்தவை. குடியிருந்த இடம் ஒட்டிக்கொண்டது. துபுவா என்றால் 'காட்டிலிருந்து வந்தவர்', காட்டோரத்தில் வசித்தவர். உடலோ குணமோ பட்டப்பெயராகி ஒட்டிக்கொண்டது. பெத்தி என்றால் 'சின்னவர்'. நான்காவது, செய்த தொழில். லெஃபெவ்ர் இந்த நான்காவது வகை.

இந்த அடையாளங்கள் முதலில் ஒருவரோடு முடிந்துபோகும் பட்டங்களாகவே இருந்தன. கொல்லரின் மகன் தச்சரானால் அவனைத் தச்சர் என்றே அழைத்திருப்பார்கள். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இது மெல்ல மாறி, தந்தையின் பட்டம் மகனுக்கும் ஒட்டத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் கொல்லர் என்ற பெயருடைய ஒருவர் சுத்தியலைத் தொட்டே இருக்காத நிலை வந்தது. தொழில் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சிய அந்த நேரத்தில்தான் பட்டப்பெயர் குடும்பப் பெயராகிறது.

ஏன் கொல்லர்?

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இடைக்காலப் பிரான்சில் பத்தில் எட்டுப் பேருக்குக் குறையாமல் நிலத்தில்தான் உழைத்தார்கள். அப்படியானால் 'உழவர்' என்ற பெயர்தானே நாடெங்கும் நிறைந்திருக்க வேண்டும்? அப்படி இல்லை. காரணம் எளியது, ஆனால் பலருக்கும் தோன்றாதது. அடையாளம் என்பது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாரும் உழுகிற ஊரில் 'உழுகிற ழான்' என்று சொல்லி என்ன பயன்? 'கொல்லர் ழான்' என்றால் யாரென்று உடனே தெரியும், ஏனென்றால் ஊருக்கு ஒரு கொல்லர்தான் இருப்பார். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர், ஆனால் ஒருவர் மட்டும். இந்தக் கணக்குதான் கொல்லர் பெயரை இவ்வளவு பரவலாக்கியது.

இதே கணக்கு இன்னொரு பெயருக்கும் பொருந்துகிறது. ஃபூர்னியே என்பது ஊர்ப் பொது அடுப்பைக் கவனித்துக்கொண்டவரின் பெயர். பிரபுவுக்குச் சொந்தமான அந்த அடுப்பில்தான் ஊரார் ரொட்டி சுட வேண்டும்; அதற்குக் கட்டணமும் உண்டு. ஊருக்கு ஓர் அடுப்பு, அடுப்புக்கு ஓர் ஆள். இன்று ஃபூர்னியேவும் பிரான்சின் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று.

கொல்லரின் இடம் அதைவிடப் பெரியது. 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான காலம் பிரான்சின் விளைநிலம் விரிந்த காலம். காடு வெட்டக் கோடரி வேண்டும். ஈரக் களிமண்ணைப் புரட்டும் கனமான கலப்பைக்கு இரும்புக் கொழு வேண்டும். குதிரைக்கு லாடம் வேண்டும். இவை எல்லாம் தேயும், முறியும், மறுபடி அடிக்க வேண்டும். கொல்லர் இல்லாத ஊரில் உழவு நின்றுபோகும். பாரிசில் 1268ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட தொழிற்குழுக்களின் விதிநூலில் ஃபெவ்ர்கள் ஒரு தனிக் குழுவாகவே வருகிறார்கள். குதிரைக்கு லாடம் அடிப்பவர், துளையிடும் கருவி செய்பவர், போர்த் தலைக்கவசம் செய்பவர் எல்லாரும் அவர்களோடு ஒரே தலைப்பின் கீழ் அடுக்கப்பட்டிருக்கிறார்கள். ஃபெவ்ர் என்ற சொல் அன்று அவ்வளவு அகலமானது.

சொல்லின் கதி பிறகு வேறு திசையில் போனது. இன்றைய பிரெஞ்சில் கொல்லரைக் குறிக்க 'ஃபோர்ஜரோன்' என்றுதான் சொல்வார்கள். ஃபெவ்ர் தனிச்சொல்லாக வழக்கொழிந்துவிட்டது. பொற்கொல்லரைக் குறிக்கும் 'ஓர்ஃபெவ்ர்' என்ற கூட்டுச்சொல்லில் மட்டும் உயிரோடு இருக்கிறது. பாரிஸ் நகரின் குற்றப் புலனாய்வுக் காவல்துறை நெடுங்காலம் இயங்கிய தெருவின் பெயரே பொற்கொல்லர் கரை, 'கே தெ ஸோர்ஃபெவ்ர்' என்பதுதான். வேடிக்கை என்னவென்றால், ஃபெவ்ரைத் துரத்திய ஃபோர்ஜரோன் அந்நியன் அல்ல. உலைக்களத்தைக் குறிக்கும் 'ஃபோர்ஜ்' என்ற சொல்லும் ஃபெவ்ரும் ஒரே லத்தீன் வேரிலிருந்து முளைத்தவை.

ஒரு லத்தீன் சொல், நாலைந்து பெயர்கள்

அந்த வேர் 'ஃபாபெர்'. லத்தீனில் கைவினைஞர் என்று பொருள். ரோமப் பேரரசின் காலத்தில் பரவிய லத்தீன், வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு விதமாக உருமாறியது. அதனால் ஒரே ஃபாபெர் பிரான்சின் வரைபடத்தில் பல முகங்களோடு நிற்கிறது.

வடக்கில் 'ஆ' ஒலி 'எ'யாக மாறியது. கடலைக் குறித்த 'மாரே' அங்கே 'மெர்' ஆனது. தந்தையைக் குறித்த 'பாத்ரெம்' 'பெர்' ஆனது. அதே விதிப்படி ஃபாபெர் 'ஃபெவ்ர்' ஆனது. தெற்கில் ஆக்சிதான் மொழி பேசிய நிலப்பரப்பில் 'ஆ' அசையாமல் நின்றது. அங்கே கிடைப்பவை ஃபாப்ர், ஃபோர் என்ற இரு வடிவங்கள். ஃபோர் என்பதை எழுதும்போது 'ஏ', 'யு' இரண்டும் சேர்ந்து வரும். பழைய உச்சரிப்பு 'ஃபவ்ரெ' போல இருந்தது. கிழக்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், சவோயிலும் பிரெஞ்சு பேசும் சுவிட்சர்லாந்திலும், 'பி' 'வி'யாகத் தேய்ந்து ஃபாவ்ர் ஆனது. மேற்கே பிரிட்டனி எல்லையிலும் லுவார் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளிலும் உயிரொலி சற்றே வளைந்து லெஃபோவ்ர் என்று ஒலிக்கிறது. பர்கண்டிப் பக்கம் 'லெ' இல்லாமல் வெறும் ஃபெவ்ர் என்றே உண்டு.

இவ்வளவும் லத்தீன் வழி வந்தவை. லத்தீன் அல்லாத மொழிகள் வழங்கிய ஓரங்களில் கொல்லர் வேறு வேடம் போடுகிறார். பிரெத்தோன் மொழி பேசிய மேற்கு முனையில் அவர் லெ கோஃப். ஜெர்மானியப் பேச்சுவழக்குள்ள அல்சாசில் ஷ்மிட். பெல்ஜிய எல்லையில் ஃப்ளெமிஷ் பேசிய இடங்களில் தெஸ்மெத். ஆங்கிலேயரின் ஸ்மித், இத்தாலியரின் ஃபெராரி, அரபியரின் ஹத்தாத் எல்லாரும் இதே பட்டறையிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான்.

இந்த வரைபடத்தைப் புகழ்பெற்ற மனிதர்களை வைத்தே சரிபார்க்கலாம். பூச்சிகளின் வாழ்வை ஆயுள் முழுக்கக் கவனித்து எழுதிய ழான்-ஆன்ரி ஃபாப்ர், 1823இல் தெற்கே அவெரோன் மாவட்டத்தில் பிறந்தவர். பெயர் சொன்ன இடத்திலேயே ஆள் இருக்கிறார். சவோயில் 1506இல் பிறந்தவர் பியேர் ஃபாவ்ர். பாரிசில் சேந்த்-பார்ப் கல்லூரியில் படித்தபோது அவருடைய அறைத்தோழர் பிரான்சிஸ் சவேரியார். பின்னர் 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த அதே சவேரியார். இருவரும் இஞ்ஞாசியாரோடு சேர்ந்து 1534இல் மோன்மார்த்ர் குன்றில் எடுத்த வாக்குறுதியில்தான் இயேசு சபையின் தொடக்கம். ஃபாவ்ரை 2013இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. ஆங்கில நூல்களில் தேடுபவர்கள் அவரைப் பீட்டர் ஃபேபர் என்ற பெயரில் காண்பார்கள். லத்தீனில் எழுதிய காலத்தில் பெயரையும் லத்தீனாக்கும் பழக்கம் இருந்ததால் வந்த வடிவம் அது. வடக்கே எத்தாப்ல் ஊரைச் சேர்ந்த அறிஞர் ழாக் லெஃபெவ்ரும் அப்படித்தான். புதிய ஏற்பாட்டை 1523இல் பிரெஞ்சில் அச்சேற்றிய அவர், லத்தீன் நூல்களில் 'யாக்கோபுஸ் ஃபாபெர்' என்று கையொப்பமிட்டார். அவருடைய முன்னோர் பெயர் ஆயிரம் ஆண்டுகளாக நடந்து வந்த வழியை ஒரே எட்டில் திரும்பிப் போய்விட்டார்.

வரைபடத்துக்கு விதிவிலக்குகளும் உண்டு. நெப்போலியனின் தளபதிகளில் ஒருவரும் 1807இல் டான்ட்சிக் கோட்டையைப் பிடித்தவருமான பிரான்சுவா ழோசெஃப் லெஃபெவ்ர் அல்சாசில் பிறந்தவர். ஷ்மிட்களின் நாட்டில் ஒரு லெஃபெவ்ர்! பெயர் உருவான இடமும் அதைச் சுமப்பவர் பிறந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மக்கள் வேலைக்காகவும் போருக்காகவும் திருமணத்துக்காகவும் இடம் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள்.

பேசாத 'பி'

இப்போது அந்த 'பி'. பழைய பிரெஞ்சில் இந்தச் சொல்லை எழுதியபோது அதில் 'பி' இல்லை. ஃபாபெரின் 'பி' நாவில் 'வ'வாகத் தேய்ந்துபோய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. இடைக்காலத்தின் பிற்பகுதியில்தான் எழுத்தர்கள் அதை மறுபடி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. இரண்டுமே ஒரே நேரத்தில் வேலை செய்திருக்கலாம்.

முதலாவது, லத்தீன் மோகம். தங்கள் மொழி எந்த உயர்ந்த வீட்டிலிருந்து வந்தது என்று காட்டிக்கொள்ள, உச்சரிக்காத எழுத்துகளைச் சொற்களுக்குள் செருகினார்கள். பிப்ரவரி, காய்ச்சல், கடமை ஆகியவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்களில் எல்லாம் ஒரு காலத்தில் இப்படி 'பி' ஏறியது. ஆங்கிலத்தில் 'டவுட்' என்று எழுதும்போது நடுவில் வரும் ஊமை 'பி' நம்மில் பலரைப் பள்ளிக்கூடத்தில் படுத்தியிருக்கும். அதுவும் இதே மோகத்தின் மிச்சம்தான்.

இரண்டாவது காரணம் இன்னும் நடைமுறை சார்ந்தது. அந்தக் காலத்தில் 'யு', 'வி' என்று இரண்டு தனி எழுத்துகள் இல்லை. ஒரே எழுத்து, இடத்துக்குத் தக்கபடி உயிராகவும் மெய்யாகவும் படிக்கப்படும். சொல்லின் நடுவில் அது 'யு' வடிவில்தான் எழுதப்பட்டது. அப்படி எழுதிய 'ஃபெவ்ர்' என்ற சொல்லைப் பார்ப்பவர், அந்த 'யு'வை உயிராக எடுத்துக்கொண்டு 'ஃபோர்' என்பதுபோல் தவறாகப் படித்துவிட வாய்ப்புண்டு. அதற்கு முன்னால் ஒரு 'பி'யைப் போட்டுவிட்டால், 'இங்கே வருவது மெய்யெழுத்து, வி என்று படி' என்று சைகை காட்டியதாகும். அதாவது 'பி' பேச வந்த எழுத்து அல்ல. பக்கத்து எழுத்தை எப்படிப் பேச வேண்டும் என்று கையைக் காட்ட வந்த எழுத்து.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் படிப்பவர்கள் எல்லாரும் சைகையைப் புரிந்துகொள்ளவில்லை. 'பி', 'யு', 'ஆர்', 'இ' என்று கண்ணில் பட்டதை அப்படியே எழுத்துக்கூட்டியவர்கள் 'லெஃபெபூர்' என்று படித்தார்கள். விளைவு: லெஃபெபூர் என்று ஒரு புதிய குடும்பப் பெயரே பிறந்துவிட்டது. பாரிஸ் சேன்-சுல்பிஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த 19ஆம் நூற்றாண்டு இசைக்கலைஞர் லெஃபெபூர்-வேலி அந்தப் பெயரைச் சுமந்தவர். தவறாகப் படிக்காமல் இருக்கச் சேர்த்த எழுத்தே, புதிதாக ஒரு தவறான உச்சரிப்பைப் பிறப்பித்தது. எழுத்தர்களின் உலகில் இதற்கு மேல் ஒரு பழிவாங்கல் இருக்க முடியாது.

'யு'வும் 'வி'யும் 17ஆம் நூற்றாண்டில் தெளிவாகப் பிரியத் தொடங்கிய பிறகு அந்த 'பி'க்கு வேலை இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியில் பல ஊமை எழுத்துகளைக் களையெடுத்தது. காலப்போக்கில் பிப்ரவரியும் காய்ச்சலும் கடமையும் பாரம் இறங்கின. குடும்பப் பெயர்கள் மட்டும் தப்பித்தன, ஏனென்றால் அகராதியின் அதிகாரம் அகராதிச் சொற்களோடு நின்றுவிடும். யாருடைய பெயரை எப்படி எழுதுவது என்று அது கட்டளையிட முடியாது. அதனால்தான் இன்று 'பி' உள்ள லெஃபெவ்ரும் 'பி' இல்லாத லெஃபெவ்ரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வசிக்கிறார்கள். உச்சரிப்பில் இருவருக்கும் வேறுபாடே இல்லை. அதனாலேயே இந்தப் பெயர் உடையவர்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் 'பி உண்டா, இல்லையா' என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும்.

பதிவேட்டில் உறைந்த பெயர்

எழுத்து எப்போது நிலைபெற்றது? 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லர்-கோத்ரே ஆணையைப் பிறப்பித்தார். பங்குக் குருமார்கள் ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. சட்ட ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்றதும் அதே ஆணைதான். 1579இல் திருமணங்களும் இறப்புகளும் பதிவுக்குள் வந்தன. 1667இல் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இரண்டு பிரதிகள் வேண்டும் என்று ஆனது. புரட்சி வந்தபின் 1792இல் இந்தப் பொறுப்பு தேவாலயத்திடமிருந்து நகராட்சிக்கு மாறியது.

ஆனால் பதிவேடு இருந்தது என்பதற்காக எழுத்துக்கூட்டல் ஒரே மாதிரி இருந்தது என்று பொருள் அல்ல. பெயருக்குரியவருக்குப் பெரும்பாலும் எழுதத் தெரியாது. குரு காதில் விழுந்ததைத் தன் பழக்கப்படி எழுதினார். ஞானஸ்நானத்தில் 'பி' இருக்கும், திருமணத்தில் போயிருக்கும், இறப்பில் திரும்பி வந்திருக்கும். கூடப் பிறந்த இருவருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் அமைவதும் சாதாரணம். வம்சாவளி தேடுபவர்கள் ஒரே வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் பாதி முன்னோரைத் தொலைத்துவிடுவார்கள்.

கடிவாளம் போட்டது 1794 ஆகஸ்ட் 23ஆம் நாள் சட்டம். பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு எந்தப் பெயரையும் எந்தக் குடிமகனும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது அது. அதன்பின் எழுத்துப் பிழைகூட நிரந்தரமாகிவிட்டது. குமாஸ்தா ஒரு நாள் 'பி'யை மறந்தால் அந்தக் கிளைக்குத் தலைமுறை தலைமுறையாகப் 'பி' இல்லை. இதைத் தளர்த்திய சட்டங்கள் மிகச் சமீபத்தியவை. 2005 முதல் குழந்தைக்குத் தாயின் பெயரையோ இருவர் பெயரையும் சேர்த்தோ வைக்கலாம். 2022 ஜூலை முதல், வயதுவந்த ஒருவர் வாழ்வில் ஒரு முறை, தனக்கு வைக்கப்படாத தாய் அல்லது தந்தையின் பெயருக்கு எளிய விண்ணப்பத்தின் மூலமே மாறிக்கொள்ளலாம்.

நமக்குத் தந்தையின் பெயர் முதலெழுத்தாக நின்று, அடுத்த தலைமுறையில் மாறிவிடுகிறது. பிரான்சில் குடியேறிய ஈழத்தமிழர் குடும்பங்கள் சிலவற்றில் தந்தையின் பெயர் படிவத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறி, பேரப்பிள்ளைகளுக்கும் அப்படியே இறங்குவதைப் பார்க்கலாம். 12ஆம் நூற்றாண்டில் மெதுவாக நடந்தது அங்கே ஒரே கையெழுத்தில் நடந்துவிடுகிறது. புதுச்சேரியில் அதற்கு முன்பே இன்னொரு விதமாக நடந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி, தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வர விரும்பியவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த இயக்கத்தின் முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' என்று வைத்துக்கொண்டார்; 'கதவு' என்று பொருள். பிரான்சில் லாபோர்த் என்பது நகர வாயிலருகே குடியிருந்த யாருக்கோ ஊரார் ஒட்டிய பெயர். புதுச்சேரியில் ஒருவர் யோசித்துத் தேர்ந்தெடுத்த பெயர்.

கடல் கடந்த கொல்லர்கள்

பிரான்சுக்கு வெளியே இந்தப் பெயர் போன இடங்கள் பல. பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் தெற்கில் அது உள்ளூர்ப் பெயர்தான். எல்லைக்கோடு பிறகு வந்தது. கத்தோலிக்க அரசின் கீழ் வாழ முடியாத புராட்டஸ்டன்டுகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வெளியேறியபோது லெஃபெவ்ர்களும் கிளம்பினார்கள். நியூயார்க் மாநிலத்தில் நியூ பால்ட்ஸ் என்ற ஊருக்கு 1677இல் நில உரிமை வாங்கிய 12 பேரில் ஆந்த்ரியேஸ், சிமோன் என்ற இரு லெஃபெவ்ர்கள் இருந்தார்கள்.

கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாநிலத்தில் இன்னொரு வேடிக்கை. அங்கே குடியேறியவர்கள் குடும்பப் பெயருக்குப் பின்னால் 'தி' என்ற சொல்லைச் சேர்த்து, 'என்கிற' என்ற பொருளில், இரண்டாவது பெயர் ஒன்றையும் வைத்துக்கொள்வார்கள். ஒரே பெயருடைய குடும்பங்களைப் பிரித்துக் காட்ட அது உதவியது. அப்படி ஒரு கிளைக்கு அமைந்த பெயர் 'லெஃபெவ்ர் தி பூலான்ழே': கொல்லர் என்கிற ரொட்டிக்காரர். அடையாளம் தேய்ந்து குடும்பப் பெயரானதும், அதற்கு மேல் புதிய அடையாளம் தேவைப்பட்டிருக்கிறது.

கனடாவிலிருந்து ஆலை வேலைக்காக அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிக்குப் போனவர்களின் பெயரை ஆங்கிலக் குமாஸ்தாக்கள் தங்களுக்கு வந்தபடி எழுதினார்கள். லஃபேவ், லெஃபீவர் என்றெல்லாம் ஆனது. சிலர் பீன் ஆனார்கள். ஃபெவ்ர் என்பதை அவரைக்காயைக் குறிக்கும் 'ஃபெவ்' என்று எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்ததன் விளைவு அது. கொல்லர் அவரைக்காயானார், குற்றம் கடைசி மெய்யெழுத்தினுடையது.

எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

பிரான்சில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பப் பெயர்கள் உள்ளன. முதலிடத்து மார்த்தேனே நூற்றுக்கு ஒருவரிடம்கூட இல்லை. எனவே முதல் இருபதுக்குள் இருப்பது என்றால் தெருவெல்லாம் லெஃபெவ்ர்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம். வடக்கே நோர், பா-தெ-கலே, சோம் மாவட்டங்களில் வேண்டுமானால் அப்படித் தோன்றும். அங்கேதான் 'பி' உள்ள வடிவம் அடர்த்தி. 'பி' இல்லாத வடிவம் நார்மண்டியிலும் பாரிசைச் சுற்றியும் பரவியிருக்கிறது. தெற்கே மார்செய் பக்கம் போனால் இரண்டும் அருகி, ஃபாப்ர்களும் ஃபோர்களும் வந்துவிடுவார்கள். 'பி' இல்லாத லெஃபெவ்ரும் ஃபோரும் தனித்தனியாகவே முதல் ஐம்பது பெயர்களுக்குள் வருபவை. இவை எல்லாவற்றையும் கொல்லர் என்ற ஒரே கணக்கில் கூட்டினால், லெஃபெவ்ரின் இடம் பட்டியலில் வெகுவாக மேலே ஏறும். எழுத்துக்கூட்டல் என்ற ஒரே காரணத்தால்தான் அது பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது.

பரவலான பெயர் என்பதே இரண்டு வகை என்பதைக் கியூபெக் அழகாகக் காட்டுகிறது. அங்கே முதலிடம் திராம்ப்ளே என்ற பெயருக்கு. பிரான்சின் பெர்ஷ் பகுதியிலிருந்து 1647இல் வந்து, 1657இல் ஓசான் ஆஷோன் என்ற பெண்ணை மணந்த பியேர் திராம்ப்ளே என்ற ஒரே மனிதரின் வழிவந்தவர்கள்தான் அந்தப் பெயருடைய அனைவரும் என்று சொல்லிவிடலாம். பிரான்சிலோ அந்தப் பெயர் அரிது. லெஃபெவ்ரும் கியூபெக்கின் முதல் ஐம்பது பெயர்களுக்குள் இருக்கிறது. ஆனால் பல இடங்களிலிருந்து தனித்தனியாகக் கப்பலேறிய பல லெஃபெவ்ர்கள் சேர்ந்து எட்டிய இடம் அது. இரண்டு திராம்ப்ளேக்கள் சந்தித்தால் உறவு தேடலாம். இரண்டு லெஃபெவ்ர்கள் சந்தித்தால், அவரவர் ஊரில் ஒரு காலத்தில் ஒரு கொல்லர் இருந்தார் என்பதைத் தவிர வேறெதுவும் உறுதியாகத் தெரியாது.

புள்ளிவிவரம் தேடுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பிரான்சின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே வெளியிட்ட பெயர்க் கோப்பு, 1891 முதல் பிறந்தவர்களைப் பிறந்த மாவட்டவாரியாக எண்ணியது. அது பிறப்புக் கணக்கு. இன்று உயிரோடு இருப்பவர்களின் கணக்கு அல்ல. திருமணத்துக்குப் பின் கணவரின் பெயரைப் பயன்படுத்தும் பெண்களும் அதில் பிறந்த பெயரிலேயே இருப்பார்கள். சட்டப்படி அவர்களுடைய பெயர் மாறுவதே இல்லை. பழைய தொலைபேசிக் கையேடுகளை வைத்துச் செய்த கணக்குகளோடு இது ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, அந்தக் கோப்பில் பெயர்கள் பெரிய எழுத்துகளில், உச்சரிப்புக் குறிகள் இல்லாமல் உள்ளன. அதனால் 'இ'யின் தலையில் குறி உள்ள லெஃபெவ்ரும் குறி இல்லாத லெஃபெவ்ரும் ஒரே வரியில் விழுவார்கள். 'பி' உள்ளவர் மட்டும் வேறு வரியில் இருப்பார். தேடும்போது இரண்டு வரிகளையும் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.